லிஸ்பனுக்குப் போன அம்பத்தூர் பட்டாளம்

15 லட்சம் பேர் ஒரே மைதானத்தில் படுத்து உறங்கிய இரவை டிவியில் பார்த்திருப்பீர்கள். 2023 ஆகஸ்ட் 5, போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம், தேஜோ ஆற்றங்கரை. கத்தோலிக்க இளைஞர்களின் ‘உலக இளையோர் நாள்’ பெருவிழா. வெள்ளை மேடை, ஆயிரக்கணக்கான கொடிகள், சக்கர நாற்காலியில் வந்த திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாம் கேமராவில் வந்தாயிற்று. கேமரா போகாத இடங்களைப் பற்றிச் சொல்லத்தான் எனக்குக் கை பரபரக்கிறது! முன்பின் தெரியாத ஒரு பாட்டியின் சமையலறை, தரையில் விரித்த இரண்டு மெத்தைகள், நள்ளிரவில் கூகுள் டிரான்ஸ்லேட்டை வைத்துக்கொண்டு நடந்த குடும்ப அரட்டை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பங்குகளிலிருந்து ஒன்றுசேர்ந்து போன சிறிய குழுவில் நானும் ஒருத்தி. வாருங்கள், திரையை விலக்கிக் காட்டுகிறேன்.

பிரியாணி விற்று விமானம் ஏறினோம்

முதல் காட்சி ஐரோப்பாவில் இல்லை, கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து மக்கள் வெளியே வரும்போது பிரியாணிப் பொட்டலங்களோடு வரிசையாக நிற்போம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடித்த பையன்கள் தூங்காமல் வந்து வெங்காயம் உரித்தார்கள். ஆவடி டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் ஆன்ட்டிகள் பாத்திரம் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் கேரல் வசூல், பழைய பேப்பர் விற்றது, சித்தப்பா கையில் திணித்தது என்று ரூபாய் ரூபாயாகச் சேர்ந்தது பயணச் செலவு. மேடையில் பாடுகிற எந்த இளைஞர் கூட்டத்தைப் பார்த்தாலும், அதற்குப் பின்னால் இப்படி ஒரு வெங்காய மூட்டை இருக்கிறது என்று நம்புங்கள்.

அடுத்தது ஷெங்கன் விசா. பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனி லீவ் லெட்டர், இன்சூரன்ஸ், பங்குத்தந்தையின் கடிதம், விழாப் பதிவுச் சான்று என்று ஆளுக்கு ஒரு தடித்த ஃபைல். தபாலில் பாஸ்போர்ட் திரும்பி வந்த நாட்களில் எங்கள் வாட்ஸ்அப் குழு அதிர்ந்தது. சிலருக்கு விசா கிடைக்கவில்லை. அவர்கள் தங்கள் வேண்டுதல்களைச் சிறு சீட்டுகளில் எழுதி எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். எங்கள் கைப்பைகளில் பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடியாகப் பத்திரமாக இருந்தவை அந்தச் சீட்டுகள்தான்.

நடந்து பழக வேண்டும் என்றார் ஃபாதர். விடியற்காலையில் முதுகில் பையோடு பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். வாக்கிங் வந்த பெரியவர்கள், “எங்கம்மா கிளம்பிட்டீங்க, திருத்தணிக்கா?” என்று கேட்டார்கள். “லிஸ்பனுக்குங்க தாத்தா!” என்று கூவினோம். “நல்லபடியா போயிட்டு வாங்க” என்று கை தூக்கி வாழ்த்தினார்கள். இந்தப் பக்கத்து மக்களுக்கு யாத்திரை புதிதில்லை. திருப்பதி திருக்குடைகள் வருடா வருடம் எங்கள் சாலை வழியாகத்தான் போகின்றன. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் இதே வழியில் நடக்கின்றன. ஆகஸ்ட் பிறந்தால் காவி உடுத்தி, மாதா சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு வேளாங்கண்ணிக்குக் கிளம்புபவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

“தெரியாத வீட்டில் பொண்ணு எப்படித் தங்கும்?”

எல்லா வீட்டிலும் எழுந்த கேள்வி இதுதான். என் பாட்டி மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போதுதான் இந்த விழாவின் உள் இயந்திரம் எனக்கே புரிந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உலக இளையோர் நாளைத் தொடங்கி வைத்தவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். 1984-இலும் 1985-இலும் ரோமில் கூடிய இளைஞர் கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்தவர், இதை வழக்கமாக்கிவிட்டார். சில வருடங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் பெருவிழா நடக்கும். விழா நடக்கும் நகரத்துக்கு நேராகப் போய் இறங்கலாம். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே அந்த நாட்டின் மறைமாவட்டங்களுக்குப் போய்விடுவார்கள். அங்கே குடும்பங்களோடு தங்கி, அந்த ஊர்த் திருப்பலியில் கலந்து, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அந்த ஊர் மக்களோடு பழகிய பிறகே பெருவிழாவுக்குக் கிளம்புவார்கள். போர்ச்சுகலில் அந்த நாட்கள் ஜூலை 26 முதல் 31 வரை.

வீடு கொடுப்பவர்கள் யார்? அந்தந்தப் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள். ஞாயிறு பூசையில் ஃபாதர் அறிவிப்பார், விரும்புகிறவர்கள் பெயர் கொடுப்பார்கள். பங்கில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஒரு வீட்டுக்குக் குறைந்தது இரண்டு பேராகத்தான் எங்களை அனுப்பினார்கள். தனியாக யாரையும் விடவில்லை. படுக்க இடம், குளிக்க வசதி, காலையில் சாப்பாடு, இவ்வளவுதான் அவர்களிடம் கேட்கப்படுவது. பகலெல்லாம் குழுவோடு நிகழ்ச்சிகள், இரவு வீடு. இதையெல்லாம் பாட்டிக்கு விளக்கியபோது கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். “காசு வாங்குவாங்களா?” இல்லை என்றேன். “அப்போ நல்ல மனுஷங்கதான். போயிட்டு வா.”

இந்த வழக்கத்துக்கு ஐரோப்பாவில் இன்னொரு வேரும் உண்டு. பிரான்சில் தெசே என்ற சிற்றூரில் ஒரு துறவியர் குழுமம் இருக்கிறது. 1978-இல் பாரிஸில் தொடங்கி, ஆண்டு இறுதியில் ஐரோப்பிய நகரம் ஒன்றில் அவர்கள் இளைஞர்களைக் கூட்டுகிறார்கள். அப்போது குடும்பங்களிடம் அவர்கள் கேட்பது இரண்டு சதுர மீட்டர் தரை. அதாவது ஒரு பாய் விரிக்கிற இடம் போதும்! அந்தக் குழுமத்தின் கண்டங்களுக்கு இடையிலான சந்திப்பு 1985-இலும் 1988-இலும் நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே இந்த ஊர் வெளிநாட்டு இளைஞர்களை வரவேற்றிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெயர் கூப்பிடும் அந்த அரைமணி நேரம்

லிஸ்பனுக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில் மொண்டேகோ ஆற்றங்கரையில் இருக்கிறது கொயிம்ப்ரா, பெருவிழாவுக்கு முன் நாங்கள் தங்கிய ஊர். குன்றின் உச்சியில் பழம்பெரும் பல்கலைக்கழகம். 1290-இல் லிஸ்பனில் தோன்றி, 1537-இல் இங்கே நிலைகொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பங்கு மண்டபத்தில் ஒருபுறம் பெட்டி படுக்கையோடு நாங்கள், மறுபுறம் எங்களை அழைத்துப் போக வந்த குடும்பங்கள். நடுவில் மேசை போட்டு ஓர் அம்மா பட்டியலைப் படிக்கிறார். தமிழ்ப் பெயர்கள் அவர் வாயில் புதுப்புது அவதாரம் எடுக்கின்றன. பெயர் கேட்டதும் ஒரு கூச்சல், ஒரு கைத்தட்டல், எதிர்ப்புறத்திலிருந்து ஒரு குடும்பம் ஓடிவந்து கட்டிப்பிடிக்கும். பரீட்சை ரிசல்ட் வந்த அன்றுகூட எனக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை!

என் பெயர் வந்தது. கூடவே வந்த பெயர் எங்கள் குழுவினுடையது இல்லை. பிலிப்பைன்ஸிலிருந்து, செபு தீவிலிருந்து வந்த நர்சிங் மாணவி ஒருத்தி. அவளுடைய குழுவில் ஒருத்தி மிச்சம், எங்கள் குழுவில் ஒருத்தி மிச்சம், ஆகவே இருவரும் ஒரே வீட்டுக்கு. கறுப்பு உடை உடுத்திய ஒரு பாட்டி, அவருடைய மகள், மருமகன், பள்ளிக்கூடம் போகும் பேரன். இரண்டு ஆசியப் பெண்களை நடுவில் உட்கார வைத்துக் குட்டிக் காரில் மேட்டுத் தெருக்களில் ஏறிப் பறந்தார்கள்.

செபுக்காரியின் பையில் ஒரு குழந்தை இயேசு சொரூபம் இருந்தது. அவர்கள் ஊரின் சாந்தோ நீஞோ. 1521-இல் மெகல்லனின் கப்பலில் வந்து அந்தத் தீவின் ராணிக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட சொரூபத்தின் சிறு பிரதி. மெகல்லன் பிறப்பால் போர்ச்சுகீசியர். “உங்கள் ஊர்க்காரர் கொண்டு வந்ததைத் திருப்பிக் காட்டக் கொண்டு வந்திருக்கிறேன்” என்றாள். பாட்டி அதை வாங்கி முத்தமிட்டு, டிவிக்கு மேலே தன் பாத்திமா மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தார். என் பங்குக்கு ஒரு சின்ன வேளாங்கண்ணி மாதா. மூவரும் அந்த வாரம் முழுக்க ஒரே அலமாரியில் குடியிருந்தார்கள்.

அவளுடைய அம்மா 1995 ஜனவரியில் மணிலாவில் நடந்த உலக இளையோர் நாளில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர். அன்று திரண்டவர்கள் சுமார் 50 லட்சம் பேர் என்று கணக்கு. திருத்தந்தையின் வண்டி கூட்டத்துக்குள் நகர முடியாமல், ஹெலிகாப்டரில்தான் அவரை மேடைக்குக் கொண்டு வந்தார்கள். “அம்மா திருத்தந்தையைக் கடுகளவுதான் பார்த்தாராம். ஆனால் பக்கத்தில் நின்ற கொரியப் பெண்ணோடு இன்றைக்கும் பேசுகிறார்” என்றாள் அவள். விழாவின் முழு விளக்கமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

சமையலறைக்குள் மூன்று தேசம்

காலை மேசையில் ரொட்டி, வெண்ணெய், சீஸ், வீட்டில் செய்த பூசணி ஜாம், பாலில் கலந்த காபி. இரவில் பச்சை இலைகளைப் பொடியாக நறுக்கிப் போட்ட உருளைக்கிழங்கு சூப். மூன்றாம் நாள் பாட்டி எங்கள் முன் ஒரு தட்டை வைத்தார். பாலில் குழைய வெந்த அரிசி, சர்க்கரை, எலுமிச்சைத் தோல் வாசனை, மேலே பட்டைத்தூளால் கோலம் போட்டதுபோல் ஒரு வடிவம். அரோஸ் தோஸ் என்றார்கள். ஒரு வாய் வைத்ததும் நானும் செபுக்காரியும் ஒருவரையொருவர் பார்த்தோம். சோறு! வாரக்கணக்கில் ரொட்டி என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டு வந்த இரண்டு சோற்றுக்காரிகளுக்குப் பாட்டி திருவிழா நடத்திவிட்டார்.

பதில் மரியாதை செய்ய வேண்டாமா? மறுநாள் இரவு அடுப்படியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். செபுக்காரி வினிகரும் சோயா சாஸும் பூண்டும் சேர்த்து அவர்களுடைய அடோபோ கோழிக் குழம்பு வைத்தாள். நான் எலுமிச்சை சாதம். ஊரிலிருந்து கடுகு, கடலைப்பருப்பு, கறிவேப்பிலைப் பொடி, மஞ்சள்தூள் எல்லாம் பொட்டலம் கட்டிக் கொண்டு போயிருந்தேன். கடுகு வெடித்தபோது பேரன் நாற்காலி மேல் ஏறிக் கைத்தட்டினான். பச்சைமிளகாய் கிள்ளிப் போட்டபோது மருமகன் ஒன்று சொன்னார். அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர்கள் போர்ச்சுகீசிய வணிகர்கள். “நாங்கள் கொடுத்தோம், நீங்கள்தான் சமைக்கக் கற்றுக்கொண்டீர்கள்” என்று இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டார். மூன்றாம் முறையும் போட்டுக்கொண்டார்!

பாட்டியின் ஊரில் நம்ம அந்தோணியார், நம்ம அருளானந்தர்

இப்போது சொல்லப் போவதுதான் என்னைத் துள்ள வைத்த செய்தி. செவ்வாய்க்கிழமை ஆனால் நம் ஊரில் அந்தோணியார் கோயில்களில் மெழுகுவத்தியும் கூட்டமுமாக இருக்கும். அவரைப் பதுவைப் பதியர் என்றே பாடிப் பழகிவிட்டோம். ஆனால் அவர் பிறந்தது லிஸ்பனில், சுமார் 1195-இல்! இளமையில் அவர் துறவியாக வாழ்ந்ததும் படித்ததும் கொயிம்ப்ராவின் திருச்சிலுவை மடத்தில். மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் இந்த ஊருக்கு வந்தபோதுதான், தானும் அவர்களைப்போல் ஆக வேண்டும் என்று அந்தச் சபைக்கு மாறினார். அந்த மடத்து ஆலயத்துக்குள் நின்றபோது ஆவடிப் பையன் ஒருவன் தன் பாட்டிக்கு வீடியோ கால் போட்டுவிட்டான். “பாட்டி, நம்ம அந்தோணியார் படிச்ச இடம்!” என்றதும் அந்தப் பக்கம் ஒரே அழுகை.

அருளானந்தரின் கதை இன்னும் நெருக்கம். நாம் அருளானந்தர் என்று அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து, கொயிம்ப்ராவிலும் பயின்று, 1673-இல் கப்பலேறினார். மதுரை மிஷன் பகுதிக்கு வந்து பண்டார சுவாமியாகக் காவி உடுத்தி, புலாலை விட்டு, தமிழில் பேசி, குடிசைத் திண்ணைகளிலும் மரத்தடியிலும் தங்கி வாழ்ந்தார். நடுவே ஒருமுறை போர்ச்சுகலுக்குத் திரும்பியபோது அங்கேயே இருந்துவிடச் சொன்னார்கள். கேட்கவில்லை, மறவர் சீமைக்கே திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டு உயிர்துறந்தார். அவர் இரத்தம் சிந்திய செம்மண்ணை இன்றும் மக்கள் எடுத்துப் போகிறார்கள்.

லிஸ்பன் பெருவிழாவுக்கு 13 பேரைப் பாதுகாவலர்களாக அறிவித்திருந்தார்கள். அந்தோணியார் அதில் ஒருவர். அருளானந்தர் இன்னொருவர்! எங்கள் குழுவில் ஓர் அண்ணன் ஓரியூர்ச் செம்மண்ணைச் சிறு டப்பியில் கொண்டு வந்திருந்தார். மண்டபத்தில் அவர் எழுந்து அருளானந்தர் எங்கள் மண்ணில் எப்படி வாழ்ந்தார் என்று சொல்லச் சொல்ல, கொயிம்ப்ராக்காரர்கள் அசையாமல் கேட்டார்கள். அவர்கள் ஊரில் படித்த பிள்ளை கடல் கடந்து போய் யார் வீட்டுச் சோற்றைத் தின்றான், யார் திண்ணையில் படுத்தான் என்ற கதையை அந்த வீட்டுக்காரர்களின் வழிவந்தவர்கள் வாயாலேயே கேட்டார்கள். 1670-களில் தமிழ்நாடு லிஸ்பன் பிள்ளைக்கு இடம் கொடுத்தது. 2023-இல் போர்ச்சுகல் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தது. நம் கல்யாண வீடுகளில் மொய் நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்வதுபோல், 350 வருடம் கழித்து ஒரு மொய் திரும்பி வந்தது. இந்த விழாவின் உயிர் வீடுகளில்தான் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கிளம்பும் காலை பாட்டி வாசலில் நின்றார். செபுக்காரி குனிந்து அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவர்கள் ஊரில் பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறை அது. நான் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். எங்கள் இருவர் தலையிலும் கை வைத்து, பாட்டி நெற்றியில் சிலுவை வரைந்தார். சொல்லித் தராமலே மூன்று தேசத்து மரியாதையும் ஒன்றோடொன்று பொருந்திப் போனது.

குப்பைமேட்டில் பூத்த படுக்கையறை

பிறகு லிஸ்பன். ஆகஸ்ட் 1 முதல் 6 வரை ஊரே திருவிழா. மெட்ரோ ரயிலுக்குள் பாட்டு, தெருமுனையில் நடனம், கொடி மாற்றிக்கொள்ளும் சந்தை. எங்கள் கண்ணாடி வளையல்களுக்கும் ஸ்டிக்கர் பொட்டுக்கும் இருந்த கிராக்கியைச் சொல்லி மாளாது. ஒரு டஜன் வளையலுக்கு மெக்சிகோ தொப்பி, பிரேசில் பட்டை, போலந்து பேட்ஜ் எல்லாம் கிடைத்தன. நெற்றியில் பொட்டோடு நடமாடிய அர்ஜென்டினாப் பெண்களைப் பார்த்து எங்கள் பூந்தமல்லித் தோழிகள் குதித்தார்கள்.

பெலேம் பூங்காவில் ஒப்புரவுக்காக 150 சிறு கூடங்கள் வரிசையாக நின்றன. அவற்றைச் செய்தவர்கள் போர்ச்சுகல் சிறைக் கைதிகள். மன்னிப்புக் கேட்கும் இடத்தைச் சிறையில் இருப்பவர்கள் இழைத்து இழைத்துச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தபின், அந்த மரச்சட்டத்தைத் தொடாமல் என்னால் உள்ளே போக முடியவில்லை.

கடைசி இரவு விழா நடந்த தேஜோ பூங்கா ஒருகாலத்தில் நகரத்தின் குப்பைக்கிடங்கு. அதைச் சீர்படுத்தி மண் நிரப்பி, அதன் மேல்தான் அத்தனை லட்சம் பேரையும் அமர வைத்தார்கள். தூரத்தில் வாஸ்கோ ட காமா பாலம் விளக்குகளோடு நீண்டு கிடந்தது. நற்கருணை ஆராதனையின்போது அத்தனை லட்சம் பேரும் அமைதியானார்கள். ஸ்லீப்பிங் பேக்குக்குள் புகுந்து வானத்தைப் பார்த்தபோது இடப்பக்கம் காங்கோ, வலப்பக்கம் இத்தாலி, காலடியில் செபு! விடிந்ததும் எழுப்பியது யார் தெரியுமா? கில்ஹெர்மே பெய்ஷோட்டோ என்ற பாதிரியார், மேடையில் டிஜே ஆக நின்று மின்னிசை போட்டு மைதானத்தையே ஆட வைத்தார். எங்கள் ஃபாதரும் ஆடினார்.

வர முடியாதவர்கள் தந்த வேண்டுதல் சீட்டுகளை அந்தத் திருப்பலியில் உயர்த்திப் பிடித்தோம். அந்த ஆண்டு விழாவின் கருப்பொருள், மரியா எழுந்து விரைந்து மலைநாட்டுக்குப் போன காட்சி. எதற்குப் போனார்? உறவுக்காரப் பெண் எலிசபெத்தின் வீட்டில் தங்கி உதவி செய்ய. ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்கிறார் லூக்கா. விழாவின் மையத்திலேயே ஒரு விருந்தாளியும் ஒரு வீடும் இருந்திருக்கிறார்கள்!

இனி நம் முறை

அடுத்த பெருவிழா 2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை தென்கொரியாவின் சியோலில். செபுக்காரி உண்டியல் வாங்கிவிட்டாள். எங்கள் வேப்பமரத்தடியிலும் அடுப்பு மூட்டியாகிவிட்டது. பாஸ்போர்ட் இல்லாத தம்பி தங்கைகள் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். பிள்ளையை அனுப்பத் தயங்கும் அம்மா அப்பாக்கள் போய் வந்த எங்களிடம் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்கிறோம்.

சியோலுக்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஊரார் வீட்டில் உண்டு உறங்கி வந்த நாங்கள், எங்கள் வாசலைச் சாத்தி வைத்திருக்கக் கூடாது. அதனால் எங்கள் குழு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள், காவடியோடு திருத்தணிக்குப் போகிறவர்கள், திருக்குடைக்குப் பின்னால் வருகிறவர்கள், யாராக இருந்தாலும் எங்கள் தெருக்களில் குளியலறையும் திண்ணையும் சூடான சாதமும் கிடைக்க வேண்டும் என்று வீடு வீடாகப் பெயர் எழுதி வருகிறோம். கொயிம்ப்ராவில் அந்த அம்மா வைத்திருந்ததைப் போலவே ஒரு பட்டியல். அதில் முதல் பெயர் என் பாட்டியுடையது. பட்டியலில் இடம் நிறைய இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களே, உங்கள் பெயரையும் எழுதிக்கொள்ளட்டுமா?